சுவருக்கும் வியர்க்கும்

திண்டிவனம் தாண்டி

திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் செஞ்சி முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. வழிநெடுகப் பனைமரங்கள், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகள், ஏரிக்கரைகள். ஊருக்கு ஊர் இரண்டு தலைமுறைச் சுவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓட்டு வீட்டின் திண்ணைச் சுவர் சுண்ணாம்பு வெள்ளை, காலடியில் காவிப் பட்டை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் மூலைகள் எல்லாம் மழுங்கி உருண்டிருக்கும். அதை ஒட்டி எழும்பிய கான்கிரீட் வீட்டுக்குக் கத்தரிப்பூ நிறமோ கிளிப்பச்சையோ எமல்ஷன். பெயின்ட் கடைகளில் மூன்றாவது தலைமுறையும் வந்துவிட்டது. சுருட்டி நிறுத்திய வால்பேப்பர்கள்: மூங்கில் காடு, அருவி, பளிங்கு, இவற்றோடு செங்கல் வரிசை. செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, தேய்த்து வழுவழுப்பாக்கி, கடைசியில் செங்கல் படம் போட்ட தாளை வாங்கி ஒட்டுகிறோம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க மனிதனுக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

வீடு கட்டி முடிக்கும் நிலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஹாலுக்கு எந்த டிசைன், படுக்கையறைக்கு எந்த நிறம், பிள்ளைகள் அறைக்கு என்ன படம்? கடைக்காரரிடம் அதற்கெல்லாம் தடிமனான மாதிரிப் புத்தகம் இருக்கிறது. அது இரண்டாவது கேள்வி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதல் கேள்வி, அந்தச் சுவருக்கு ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. அதற்கு விடை தெரியாமல் டிசைன் பார்ப்பது, நிலத்தைப் பார்க்காமல் விதை வாங்குவது போல. இதைப் பேச ஒரு கோட்டைக்குப் போவானேன் என்று தோன்றலாம். நிறம் உதிர்ந்து, பூச்சு பெயர்ந்து, சுவர் தன் உள்ளத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் அறைகள் இத்தனை வகையாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. செஞ்சியில் கிடைக்கின்றன.

ராஜகிரி அடிவாரம்

செஞ்சி மலைகளை மலை என்பதைவிடப் பாறைக்குவியல் என்பதே பொருத்தம். யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது. கோனார்கள் தொடங்கி, நாயக்கர்கள் பெருக்கி, பீஜப்பூர்காரர் பிடித்து, 1677இல் சிவாஜி கைப்பற்றி, 1698இல் முகலாயரிடம் விழுந்து, பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சி என்ற வரிசையில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை இது. வருகிறவர்கள் தேசிங்கு ராஜன் கதையைக் கேட்கிறார்கள், மேலே ஏறுகிறார்கள், குரங்குகளிடம் பையைப் பறிகொடுக்கிறார்கள். அறைகளுக்குள் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு.

கல்யாண மகாலில் தொடங்கலாம். நடுவில் தளம் தளமாக உயர்ந்து கூம்பாக முடியும் கோபுரம், அதன் முன் சதுரக் குளம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஒரே ஒரு சிறிய அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம். இந்த அமைப்பைக் கவனியுங்கள். அறையின் சுவர் எந்தப் பக்கத்திலும் வெயிலையோ மழையையோ நேராக வாங்குவதில்லை. தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. உள்சுவர் நிழலில் இருக்கும் உலர்ந்த சுவர். நுணுக்கமான சுதை வேலைக்குப் பொருத்தமான இடம் அதுதான். மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றிய சுடுமண் குழாயின் தடமும் இங்கே உண்டு. குழாய் ஓடும் சுவர் எது, அலங்காரச் சுவர் எது என்று பிரித்துப் பார்க்க அன்றைய கொத்தனாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இன்றைய அடுக்ககத்தில் குளியலறைக் குழாய் ஓடும் சுவரின் மறுபக்கம்தான் பெரும்பாலும் படுக்கையறையின் தலைமாட்டுச் சுவர். பெரிய பூப்போட்ட தாளை ஒட்ட நாம் தேர்ந்தெடுப்பதும் அதே சுவரைத்தான்.

சற்றுத் தள்ளி நெற்களஞ்சியம். மேலே வளைந்த கூரை, தடித்த சுவர்கள், உள்ளே நுழைந்தால் வெளியே இருந்த வெயில் பொய்யோ என்று தோன்றும் குளிர்ச்சி. அலங்காரத்துக்கு இங்கே வேலை இல்லை. நெல்லுக்கு வேண்டியது உலர்ந்த காற்று, எலியும் பூச்சியும் ஒண்ட முடியாத சுவர். சுண்ணாம்பு இரண்டையும் தருகிறது. அது காரத்தன்மை உள்ள பொருள், பூஞ்சணம் அதில் லேசில் வேர்பிடிக்காது. நுண்துளைகள் உள்ள பொருளும்கூட. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி, கோடையில் திருப்பிக் கொடுக்கும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொல்வது கவிதைக்காக அல்ல.

அந்தச் சுண்ணாம்பு என்ன சாப்பிட்டது என்பது இன்னொரு சுவாரசியம். கோட்டை வாசலில் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவித் தரும் பெண்கள், மண்பானை மோர், கோடையில் நுங்கு, சீசனில் சீத்தாப்பழம், கடைத்தெருவில் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும். இது மனிதருக்கான பந்தி. இந்தப் பக்கத்துச் சுவர்களுக்கும் அடுப்படியில் இருந்தே பந்தி போனது. சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லப்பாகும் சேர்ப்பார்கள். மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர் என்று போகும். மதராஸில் இந்தச் சாந்தைத் தயாரிக்கும் முறையை எழுதி அனுப்பியவர் செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1730களின் தொடக்கத்தில் அதை வெளியிட்டது. பளிங்குபோல மின்னும் மதராஸ் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் மலைத்துப்போனார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே காலத்தில் சீனாவில் கையால் தீட்டிய பறவையும் பூமரமும் கொண்ட சுவர்த்தாள்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. லண்டன் மாளிகைகளில் அதற்கு வழங்கிய பெயர் 'இந்தியத் தாள்'. அந்தப் பெயர் கொண்ட இந்தியாவில், அந்தக் கம்பெனியின் ஆட்களே தங்கள் வீடுகளில் சுண்ணாம்பை மெருகேற்றிக்கொண்டு இருந்தார்கள். பணம் இல்லாமல் அல்ல. ஓதமும் கரையானும் தாளை என்ன செய்யும் என்று ஒரு மழைக்காலம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நின்றதைப் பார்த்துவிட்டு நிற்காததை மறந்துவிடுகிறோமே? ராஜகிரி அடிவாரத்தில் அரண்மனை இருந்த இடத்தில் எஞ்சியிருப்பது அடித்தளங்களும் ஒரு பெரிய கல் மேடையும்தான். மேலே இருந்த செங்கல்லும் மரமும் பூச்சும் போய்விட்டன. ஆக, பழைய சுவர் எல்லாம் சிறந்தது என்பது கோட்டையைப் பார்த்துச் சொல்லக்கூடிய பாடம் அல்ல. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் என் வாதம் சுண்ணாம்பு சாகாது என்பதல்ல. களஞ்சியத்துக்கு ஒன்று, கல்யாண மகாலுக்கு ஒன்று என்று அறையின் வேலையைப் பார்த்துச் சுவரைத் தீர்மானித்தார்கள் என்பதே. அதற்கு நிற்பவையே போதிய சாட்சி.

கிருஷ்ணகிரி

சாலையின் மறுபக்கம் கிருஷ்ணகிரி. ராஜகிரியைவிட உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. உச்சியில் கோயில்கள், களஞ்சியம், எண்ணெயும் நெய்யும் சேமிக்கக் கட்டிய கிணறு போன்ற குழிகள், வளைவுகளும் குவிமாடமும் கொண்ட ஒரு தர்பார் மண்டபம். இந்த மண்டபத்துக்குச் சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை எனலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவு, வளைவுக்குள் வானம், வானத்துக்குக் கீழே பச்சை வயலும் கருங்கல் குன்றுகளும். இதைவிட நல்ல சுவர்த்தாளை எந்தக் கம்பெனி அச்சடிக்கும்? காற்று வரும் இடத்தில் சுவரைக் குறைத்தார்கள், எண்ணெய் நிற்கும் இடத்தில் அலங்காரத்தை நினைக்கவே இல்லை. இரண்டும் ஐம்பது அறுபது தப்படிக்குள்.

நம் வீட்டில் அந்த எண்ணெய்க் கிணற்றுக்குச் சமமானது சமையலறை. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை சுவரில் படிந்து, அதில் தூசி ஒட்டி, பிசுக்காகும். கழுவலாம் என்று விற்கப்படும் வினைல் தாள்கூட ஓரங்களில், இணைப்புகளில், அடுப்பின் சூட்டில் எழும்பத் தொடங்கும். சமையலறைக்கும் குளியலறைக்கும் தாள் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. டைல்ஸ் இருக்கிறது. அதற்கு மேலே பெயின்ட் இருக்கிறது.

செஞ்சிக் கடைத்தெரு

மலையிலிருந்து இறங்கினால் ஊர். மல்லாட்டை மூட்டைகள், நெல் லாரிகள், திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்களின் ஹாரன். இங்கே கூழ் குடித்துக்கொண்டு நிற்கும் கொத்தனார், சித்தாள் கூட்டத்திடம் 'ஓதம்' என்ற ஒரு சொல்லைப் போட்டால் போதும், பேச்சு நிற்காது. தரையிலிருந்து ஏறும் ஓதம், மொட்டைமாடி வெடிப்பில் இறங்கும் ஓதம், குழாய் கசிவு ஓதம், மழைச்சாரல் அடிக்கும் பக்கத்து ஓதம். சுவரில் உப்பு பூக்கிறது, பட்டி பொரிந்து உதிர்கிறது என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் கேட்கும் புகார்கள். இந்த நாலு ஓதத்தையும் தாள் ஒட்டி மறைத்துவிடலாம் என்பது வால்பேப்பர் விற்பனையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. புண்ணைத் துணியால் மூடுவது மருந்தாகாது. உள்ளே ஈரம் தங்கும், பசை ஊறும், கறுப்புப் புள்ளி தாளைத் தாண்டி வெளியே தெரியும்போது பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். பசை மாவுப்பொருளாக இருந்தால் ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அது விருந்து.

ஐந்தாவதாக ஒரு ஓதம் இருக்கிறது. கொத்தனார்களின் பட்டியலில் இல்லாதது, ஏனென்றால் அது ஏ.சி.யோடு வந்தது. சுவர்த்தாள் வளர்ந்த ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வெளியே குளிர், உள்ளே கணப்பு. ஈரக்காற்று வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். உள்பக்கத் தாள் கதகதப்பான, உலர்ந்த பக்கத்தில் இருக்கிறது. நம் கடலோர மாவட்டங்களில் நிலைமை தலைகீழ். வெளியே வெந்நீர் ஆவி போன்ற காற்று, உள்ளே ஏ.சி. குளிர்ச்சி. ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி வந்து, காற்றுப் புகாத வினைல் தாளின் பின்புறத்தில் முட்டி நிற்கிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ வெளிக்காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டி இருக்கும் நாள்கள் சாதாரணம். அறையை 22இல் வைத்திருந்தால், தாளுக்குப் பின்னால் இருக்கும் சுவர் குளிர்ந்த சொம்புபோல வியர்க்கும். அமெரிக்காவின் தென்கரை மாநிலங்களில், நம்மைப் போன்ற புழுக்கமான இடங்களில், ஓட்டல் அறைகளின் வினைல் தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் படர்ந்து, அதைப் பிய்த்தெடுக்கப் பெருஞ்செலவு செய்ததன் காரணமும் இதுவே.

பழைய ஐரோப்பாவுக்கும் இந்தப் பாடம் வேறு வடிவத்தில் கிடைத்தது. 1775இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலார் கண்டுபிடித்த பச்சை நிறத்தில் ஆர்செனிக் இருந்தது. அந்தப் பச்சையும் அதன் உறவுக்காரப் பச்சைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுவர்த்தாள்களில் மலிந்தன. ஈரமான அறைகளில் மக்கள் நோய்ப்பட்டார்கள். 1890களில் இத்தாலியரான கோசியோ, பூஞ்சணம் அந்த நிறத்தைத் தின்று ஆர்செனிக் கலந்த வாயுவை வெளியிடுகிறது என்று காட்டினார். இன்றைய தாளில் அந்த விஷம் இல்லை. ஆனால் அன்றும் பூஞ்சணத்துக்கு வழிவிட்டது சுவரின் ஈரம்தான்.

அப்படியானால் அறைக்கு அறை என்ன செய்வது? படுக்கையறையில் ஏ.சி. இருந்தால் வெளிச்சுவரைத் தொடாதீர்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில், அதன் மறுபக்கம் குளியலறை இல்லையென்றால், தாராளமாக ஒட்டலாம். ஹாலில் மேற்கு வெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள், நிறம் வெளுக்கும். டி.வி.க்குப் பின்சுவர் பெரும்பாலும் உட்சுவர், அது சரி. பிள்ளைகள் அறையில் தரையிலிருந்து மூன்றடிக்கு எமல்ஷனோ எனாமலோ, அதற்கு மேலே படத்தாள். கீழே பென்சிலும் சாக்கட்டியும் வேலை செய்யும், மேலே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பிழைக்கும். திண்ணையில் காவிப் பட்டை அடித்த பாட்டனார் இதைத்தான் செய்தார், கைபடும் உயரத்துக்கு ஒன்று, கண்படும் உயரத்துக்கு ஒன்று. பூஜையறையில் விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் உண்டு. அங்கே தாள் ஒட்டுவது நெருப்போடு விளையாட்டு. சுண்ணாம்பு வெள்ளையைவிட விளக்கொளிக்கு நல்ல திரை கிடையாது. புது வீடு என்றால் ஒரு மழைக்காலம் தாண்டட்டும். பூச்சில் தங்கிய கட்டுமான ஈரம் காய்வதற்கு முன் ஒட்டிய தாள் நிலைக்காது. கணக்குக்காக ஒன்று: கடையில் கிடைக்கும் வழக்கமான ஒரு சுருள் 21 அங்குல அகலம், சுமார் 33 அடி நீளம், 57 சதுர அடி. ஆனால் பெரிய பூ டிசைனில் பூவோடு பூவைப் பொருத்த வெட்டும்போது கணிசமாகக் கழிவு போகும். கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டாம், நம் பெருக்கல்தான் தப்பு.

இதற்கும் மறுப்பு உண்டு. இன்றைய வால்பேப்பர் வெறும் காகிதம் அல்ல, நெய்யாத இழைத்தாளில் காற்று போகும் என்பார்கள். உண்மை. ஆனால் அந்த இழைத்தாளின் மேலேயே வினைல் பூச்சு இருந்தால் காற்று போகாது. முதுகை மட்டும் பார்த்து வாங்காமல் முகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்குச் சுவரை மாற்ற வேறு வழி ஏது என்பது இன்னொரு மறுப்பு. அதிலும் நியாயம் இருக்கிறது. உரித்தெடுக்கும் தாளாக, ஒரே ஒரு உட்சுவரில் ஒட்டுவது அவர்களுக்குப் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இன்று எங்கே, கூலி என்ன என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்பு பூசச் சொல்லவில்லை. ஈரச் சுவரை ஈரச் சுவராக நடத்தச் சொல்கிறேன்.

மண்டகப்பட்டு

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு. வயல்களுக்கு நடுவே ஒரு பாறை, பாறையைக் குடைந்து மூன்று கருவறைகள், இரண்டு பக்கமும் வாயிற்காவலர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமைப்படுகிறது. இல்லை என்று நாலு பொருளைச் சொல்வதிலிருந்தே அதுவரை கோயில் எதனால் கட்டப்பட்டது என்று தெரிகிறது. சுதை போய்விடும் என்று ஒரு மன்னனே ஏழாம் நூற்றாண்டில் முடிவுகட்டிவிட்டான் என்று இதை என் வாதத்துக்கு எதிராக வைக்கலாம். பூச்சும் வேண்டாம், தாளும் வேண்டாம், வெறும் சுவரே போதும் என்று சொல்பவர்களுக்கு மகேந்திரன்தான் முன்னோடி. கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடும் இன்றைய கட்டடக் கலைஞர்கள் இங்கே வந்து ஒரு கும்பிடு போடலாம்.

பனமலை

ஆனால் அவன் வம்சமே அந்த முடிவில் நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் பனமலை, ஏரிக்கு மேலே ஒரு குன்று, குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. கல்லில் கட்டி முடித்த பிறகு, கல்லின் மேல் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். கல் நிலைக்கும், ஆனால் கல்லில் சிவப்பும் மஞ்சளும் கிடைக்காது, கன்னத்தின் மென்மை கிடைக்காது. சுவரை மூடி அழகு பார்க்கும் ஆசை மேல்நாட்டுப் பழக்கம், பகட்டு என்று வால்பேப்பரை ஒதுக்குகிறவர்களுக்கு இந்தக் கோயில் பதில். இந்த மண்ணில் அந்த ஆசைக்கு வயது 1,300 ஆண்டு.

தீட்டியதில் பெரும்பகுதி போய்விட்டது. பக்கத்துச் சிறுசன்னதி ஒன்றின் உட்சுவரில் மட்டும் பார்வதி நிற்கிறாள். தலைக்கு மேல் குடை, மகுடம், ஒரு கால் மடித்து, தலை சாய்த்து, நடனமாடும் சிவனைப் பார்த்தபடி. சாரல் எட்டாத, வெயில் விழாத உள்பக்கச் சுவர் அது.

ஆகவே சுருளுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடி பாலிதீன் தாளை வெட்டி, நினைத்திருக்கும் சுவரில் வைத்து நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் நாடா ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் செய்வது நல்லது. படுக்கையறை என்றால் ஏ.சி. ஓடட்டும். ஒரு பகல் ஒரு இரவு கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவருக்குப் பெயின்ட் மட்டும் அடியுங்கள்.